மூன்றாம் ஓலைக்கு முன்

20-7-2012, வெள்ளி

காற்றே இல்லை. காலை ஆறுக்குப் போன கரண்ட் ஒன்பதுக்கு வந்தது, பத்துக்கு மறுபடி போனது. பள்ளியில் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம் போனேன். ஆலப்பாக்கத்தில் ரயில்வே கேட் மூடி இருபது நிமிடம். பஸ்ஸுக்குள் அத்தனை பேரும் வெந்துகொண்டு.

என் கைடு மாலதி மேடம் என்னைவிட ஏழு வயது சின்னவர். எனக்கு நாற்பத்திரண்டு. நான் அவரை மேடம் என்கிறேன், அவரும் என்னை மேடம் என்கிறார். இரண்டு மேடம்களுமாகச் சேர்ந்து நாலு வருடமாக ஒரு ஆராய்ச்சியை இழுத்துக்கொண்டிருக்கிறோம். ஆதி பௌத்தத்தில் சீலத்தின் இடம். மூன்றாம் இயல் இன்று திரும்பி வந்தது. தொண்ணூற்றிரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரே வரி. "பட்டியல் இருக்கிறது. சீலம் என்ன வேலை செய்கிறது என்பது இல்லை."

"அஞ்சு சீலம், எட்டு, பத்து, பிக்குவுக்கு இருநூத்தி இருபத்தேழு, எல்லாம் கரெக்டா இருக்கு மேடம். ஆனா ரேஷன் கார்டு மாதிரி இருக்கு."

"அப்ப என்ன செய்யணும் மேடம்?"

"ஒருத்தர் சீலத்தோட இருந்தா அவருக்குள்ள என்ன ஆவுது, இல்லன்னா என்ன ஆவுது. அத எழுதுங்க. செப்டம்பர் கடைசிக்குள்ள."

ரேஷன் கார்டாம். ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகள்.

திரும்பும்போது கடலூர் வரை நின்றுகொண்டே. வீட்டில் இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. என் மாமியார் அதைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்துவிட்டு ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை டோனிக்குப் பெண் பார்க்கப் போகிறோம், சிதம்பரத்தில்.

"பொண்ணு யாரு அத்தை?"

"வந்து பாரு."

டோனி என் வீட்டுக்காரரின் தம்பி. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். முப்பத்தொன்று.

22-7, ஞாயிறு

வேனில் போனோம். அத்தை முன் சீட்டில். புதுச்சத்திரம் தாண்டியதும் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "அங்க வந்து யாரும் எதையும் ஒளறக் கூடாது. முக்கியமா டீச்சரம்மா."

எதை என்று எல்லோருக்கும் தெரியும். டோனிக்குப் பதினேழு வயதிலிருந்து வலிப்பு. காலை ஒன்று, ராத்திரி ஒன்று மாத்திரை. ஒழுங்காகப் போட்டால் வருடம் முழுக்க ஒன்றும் இல்லை. விட்டால் வரும். இரண்டு வருடம் முன்பு மங்கலம்பேட்டைப் பக்கம் ஒரு இடம் வந்தது. நான்தான் சொல்லிவிடலாம் என்றேன், சொன்னோம். கேசரி சாப்பிட்டார்கள், டோனியின் தோளைத் தட்டினார்கள், போனவர்கள் போனை எடுக்கவே இல்லை. பத்து நாளில் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகு டோனி யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அத்தையின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. அதுதான் எரிச்சல்.

பெண் வீட்டுக் கதவைத் திறந்தது ரெஜினா. என்னிடம் பிளஸ் டூ படித்தவள், 2004 பேட்ச், ஹாஸ்டல் பிள்ளை. கிளாஸ் லீடர். தன் நெருங்கிய தோழி பிட் வைத்திருந்ததைத் தானே வந்து என்னிடம் சொல்லிவிட்டு, பிறகு ஒரு வாரம் அழுதவள். இப்போது ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அம்மா இல்லை. அப்பா சூசை, ரிட்டயர்ட் பஸ் கண்டக்டர்.

"மிஸ்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சூசை சொன்னார், "என் பொண்ணுக்குப் பாடம் நடத்துன டீச்சரோட கொழுந்தனாருன்னு புரோக்கர் சொன்னாரு. அதுக்கப்பறம் நான் ஒருத்தரையும் விசாரிக்கல டீச்சர். உங்க வூடு. அது போதும்."

என் பெயரைப் புரோக்கரிடம் விற்றது யார் என்று கேட்கவே வேண்டாம். அத்தை பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாயில் காபி. விழுங்கினேன். சிரித்தேன்.

25-7, புதன்

டெஸ்ட் பேப்பர் நாற்பத்தெட்டு. பதினொன்றாம் வகுப்பில் ஒருத்தி அசோகர் கலிங்கத்தில் கப்பல் விட்டதாக எழுதியிருக்கிறாள்.

எலி. என் குறிப்பு அட்டைப் பெட்டியை ஒரு மூலையில் கடித்துத் துகளாக்கியிருக்கிறது. வீட்டுக்காரர் விஷம் வைத்த எலி பிஸ்கட் வாங்கி வந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அட்டைகளைப் பார்த்தேன், பேசாமல் இருந்துவிட்டேன். முதல் சீலம், உயிர் கொல்லாமை, காலி.

சாயங்காலம் எழுதினேன். மாலதி மேடம் கேட்டதைப் பிடிக்க ஒரு நூல் நுனி. சீலம் கட்டளை அல்ல. மேலிருந்து ஒருவர் "செய்யாதே" என்று சொல்வது அதில் இல்லை. கேட்பவரே முன்வந்து, இந்தப் பயிற்சியை ஏற்கிறேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக. யாரும் தண்டிக்க மாட்டார்கள். அதனால் ஏமாற்றவும் ஆள் கிடையாது.

அத்தை பின்னால் வந்து நின்று படித்துப் பார்த்தார். "நம்மகிட்ட பத்து கட்டளை இருக்கறப்ப புத்தர்கிட்ட இன்னா அஞ்சு வாங்கப் போற?"

"பத்துல எட்டாவது இன்னா அத்தை?"

பொய்சாட்சி. அவருக்குத் தெரியும். அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டார். பாலெல்லாம் ஒன்றும் இல்லை.

5-8, ஞாயிறு

சிதம்பரத்தில் கல்யாண ஒப்பந்தம். எண்பது பேர். தட்டு மாற்றினோம், ஃபாதர் ஜெபம் செய்தார், மட்டன் பிரியாணி. கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டர் சத்தத்தில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. கல்யாணம் செப். 12, புதன்.

வாங்கியவை: தட்டு 11, பழம், பூ, ரெஜினாவுக்கு மாம்பழக் கலர் பட்டு. மறந்தவை: டோனியின் மாத்திரை. மறந்தது என்று எழுதுகிறேன். அத்தை நேற்றே அட்டையை எடுத்து அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டார், வருகிறவர்கள் யார் கண்ணிலாவது பட்டால் என்று. முந்தாநாளிலிருந்து வீட்டில் விருந்தாளிக் கூட்டம். டோனி இரண்டு நாளாகப் போடவில்லை.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். என் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் நான் மிக அதிகமாகக் கேட்ட வார்த்தை.

7-8, செவ்வாய்

டோனிக்கு வந்துவிட்டது. காலையில், கொல்லையில், பல் விளக்கும்போது. விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். அத்தை சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவன் கையில் திணிக்கிறார். சாவி கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் எத்தனை வருடமாகச் சொல்கிறார். நான் அவனைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்துத் தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். நாக்கைக் கடித்து ரத்தம். சிமெண்ட் தொட்டியில் இடித்து நெற்றி வீங்கியிருந்தது.

மதியம் வரை தூங்கினான். எழுந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"கல்யாணத்துக்கப்பறம் மாத்திரைய எங்க ஒளிச்சு வைப்ப? அவ வூட்டுக்கு விருந்துக்குப் போனா? ஒரே ரூம்ல இருந்துகினு?"

நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. "நானே சொல்றேன் அண்ணி. நீங்க சொல்லாதீங்க. நான் சொன்னாத்தான் சரி."

சரி என்றேன். அவன் சொல்வதும் நியாயம்தான். அவன் உடம்பு, அவன் கல்யாணம்.

"எப்ப?"

"சொல்றேன் அண்ணி."

14-8, செவ்வாய்

சிதம்பரம். மாலதி மேடத்திடம் புதிதாக எழுதிய இருபது பக்கம். என் எதிரிலேயே படித்தார். நடுவில் இரண்டு போன், ஒரு வடை.

பொய் பற்றி எழுதியிருந்தேன். உண்மையல்லாத விஷயம், ஏமாற்றும் எண்ணம், அதற்கான முயற்சி, கேட்டவர் நம்புவது. நாலும் சேர்ந்தால்தான் சீலம் முறிகிறது. எழுதும்போது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்ததை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நான் இதுவரை வாயைத் திறக்கவில்லை. முயற்சி இல்லை. எனவே முறியவில்லை.

அந்தப் பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வார்த்தை போட்டார். "மௌனம்?"

"மௌனத்த எங்கயும் பேசலியே மேடம்," என்றார்.

"அது தனி தலைப்பு மேடம்," என்றேன்.

"பௌத்தத்துலயா, பொதுவாவா?"

கேட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்பினார். எனக்கு அவரை அப்படியே அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வரலாம் போலிருந்தது.

அடுத்த பகுதி, எதைப் பேசலாம் என்பது. உண்மையாக, பயனுள்ளதாக இருந்தால் மட்டும் போதாது, நேரமும் அறிய வேண்டும். இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அங்கேயும் பென்சில். "நேரம் வந்தது என்று யார் முடிவு செய்வது? தள்ளிப்போடுபவரேவா?"

19-8, ஞாயிறு

முதல் ஓலை. பூசை முடியும் நேரம் ஃபாதர் கல்யாண அறிவிப்பை வாசித்தார். இன்னாரின் மகன் அந்தோணிக்கும், சிதம்பரம் பங்கைச் சேர்ந்த இன்னாரின் மகள் ரெஜினாவுக்கும். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும். அங்கே அவள் ஊர்க் கோயிலிலும் இதே நேரம் வாசித்திருப்பார்கள். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும்.

வலிப்பு அந்தத் தடைகளில் சேராது, சட்டப்படி. இதையும் யோசித்து வைத்திருக்கிறேன் பாருங்கள்.

கோயிலுக்கு வெளியே டோனியிடம், "சொன்னியா?"

"போன்ல எப்படி அண்ணி சொல்றது. நேர்ல பாக்கறப்ப."

"எப்ப பாக்கப் போற?"

"பாக்கணும்."

அண்ணனைக் கொண்டு பிறந்திருக்கிறான்.

26-8, ஞாயிறு

இரண்டாம் ஓலை.

நேற்று தேடாமலேயே கிடைத்தது. மாதம் இருமுறை பிக்குகள் ஒன்றுகூடி விதிகளை ஓதும் நாள். ஓதுபவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறார், இதில் தூய்மையாக இருக்கிறீர்களா என்று. மூன்று தடவை கேட்பார். தவறு செய்தது ஞாபகம் இருந்தும் மூன்று தடவையும் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் தெரிந்தே பொய் சொன்னவர். மௌனம் அங்கே பதிலாக எண்ணப்படுகிறது.

மேடம் இதைத்தான் கேட்டிருக்கிறார். அந்த நூலின் பெயரைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். பன்னிரண்டு நாள் வீண்.

இன்று ஃபாதர் வாசிக்கும்போது நான் முழங்காலில். முன் வரிசையில் ஒரு குழந்தை செருப்பைக் கழற்றித் தட்டிக்கொண்டே இருந்தது. தடை ஏதும் அறிந்தவர்கள். நான் அந்தச் செருப்பைப் பார்த்தேன்.

பிளவுஸ் தைக்கக் கொடுத்தது: 3. பத்திரிகை பாக்கி: ஸ்ரீமுஷ்ணம் பெரியப்பா, கிள்ளை சித்தி வீடு, ஸ்டாஃப் ரூம்.

30-8, வியாழன்

இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மேடத்தைப் பார்த்துவிட்டு நாலரை மணிக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட். ரெஜினா அளவு பிளவுஸ் கொடுக்க வந்திருந்தாள், ஸ்கூலிலிருந்து நேராக, கையில் சாக்பீஸ் தூள். டீ வாங்கினாள். பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"மிஸ், ஒன்னு கேக்கட்டா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளும்மா."

"இந்த மாசம் முதல்ல ஒரு வாரம் அவரு போன்ல பேசுனது ஒரு மாதிரி இருந்துச்சு. நாக்கு தடிச்ச மாதிரி. கேட்டா சாப்பிடறப்ப கடிச்சிக்கினேன்னாரு. பைக் வேற ஓட்டத் தெரியாதுன்றாரு. சிப்காட்ல வேலை பாக்கறவரு. அவருக்கு உடம்புக்கு எதுனா இருக்கா மிஸ்?"

"ஒன்னும் இல்லம்மா," என்றேன். "அதெல்லாம் ஒன்னும் கெடையாது."

அவ்வளவு சுலபமாக வந்தது. யோசிக்கவே இல்லை. குரல்கூட மாறவில்லை, வகுப்பில் ஆண்டும் போரும் சொல்லும் அதே குரல். அவள் முகம் உடனே தெளிந்தது. "நீங்க சொன்னா சரி மிஸ். அப்பாகிட்ட கேட்டா பயந்துடுவாரு, அதான்." டீ கிளாஸை வாங்கிக் கடையில் வைத்தாள். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தாள்.

விஷயம் பொய், எண்ணம் இருந்தது, முயற்சி இருந்தது, அவள் நம்பினாள். நாலும்.

31-8, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது பீரியடில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது என்ன எழுத வந்தேன் என்று மறந்துவிட்டது. "மிஸ், உடம்பு சரியில்லையா?" என்று பிள்ளைகள். அதே கேள்வி.

தொண்ணூற்றிரண்டு பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். சீலத்தின் பயன் உறுத்தல் இல்லாமல் இருப்பது. உறுத்தல் இல்லாதவருக்கு மகிழ்ச்சி தானாக வரும், மகிழ்ச்சி வந்தால் உடல் அடங்கும், உடல் அடங்கினால் மனம் நிற்கும். அடிக்குறிப்பெல்லாம் போட்டு. படிகள் என்று ஒரு படம்கூட வரைந்திருக்கிறேன். இப்போது அந்தப் படத்தில் கீழ்ப்படி இல்லை, நேற்று நாலரை மணியிலிருந்து. மனம் நிற்பதாவது. ஒரு வாய் ரசம் சாதம் உள்ளே போக மாட்டேன் என்கிறது. சீலம் என்ன வேலை செய்கிறது என்று கேட்டாரே. இது.

டோனி வேலை விட்டு வந்ததும் மாடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். ரெஜினா கேட்டதையும் நான் சொன்னதையும். அவன் துணி காயும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு நான் போய் சொல்லப் போறேன். நீ சொல்லுவன்னு மூணு வாரம் பாத்தேன். இப்ப இது என் பொய். உன் விஷயம் மட்டும் இல்ல. நீ வர்றியா?"

கொடியிலிருந்த ஒரு கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினான். பிறகு, "நான் வரல அண்ணி. போவாதீங்கன்னும் சொல்லல."

அவரிடமும் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அம்மாகிட்ட நீ சொல்லாத. நான் சொல்றேன்," என்றார். இந்தக் குடும்பத்தில் எல்லோரும் பின்னால் சொல்கிறவர்கள்.

1-9, சனி

தூறல். சிதம்பரம், பதினொன்றரை. சூசை ஈசி சேரில் பத்திரிகைக் கவர்களுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார். ரெஜினா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் காபி வந்துவிடும், காபி வந்தால் பேச்சு மாறிவிடும்.

சொன்னேன். பதினேழு வயது, மாத்திரை, ஆகஸ்ட் ஏழாம் தேதி, நாக்கு. மாத்திரை போட்டால் நன்றாக இருப்பான் என்பதையும் சொன்னேன். கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடக் கூடாது என்று அங்கேயே நிறுத்தினேன். "முந்தாநாளு நீ கேட்டப்ப நான் பொய் சொன்னேம்மா. என் பேர்ல தப்பு."

சூசை கவரைக் கீழே வைத்தார். "நான் ஒருத்தரையும் விசாரிக்கலியே டீச்சர்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ தன் மேல் குற்றம் போலச் சொன்னார்.

ரெஜினா சல்லடையைத் தட்டி ஓரமாக வைத்தாள். "வலிப்புன்னா ஊருல யாருக்கும் இல்லாததா மிஸ்? எங்க ஸ்கூல்ல ஆறாம் கிளாஸ்ல ஒரு பையனுக்கு இருக்கு, நான்தான் பாத்துக்கறேன்." கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டாள். "அது இல்ல. பஸ் ஸ்டாண்ட்ல வெச்சு நான் கேட்டேன் இல்ல. அப்பாகிட்ட கேக்காம, அவருகிட்ட கேக்காம, உங்ககிட்ட கேட்டேன்."

குனிந்து மறுபடி சல்லடையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க மிஸ்."

கிளம்பினேன். தவற்றைத் தவறு என்று கண்டு வெளியே சொல்லிவிட்டால் வளர்ச்சி என்று புத்தரின் பழைய உரைகளில் வருகிறது. வரட்டும். தெருமுனை வரை போனேன், குடையை அவர்கள் வீட்டில் வைத்துவிட்டது ஞாபகம் வந்தது, திரும்பிப் போகவில்லை. நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்ட்.

பஸ்ஸில் பசித்தது. அது ஒரு ஆச்சரியம். புதுச்சத்திரத்தில் வேர்க்கடலை வாங்கி முழுவதையும் தின்றேன்.

2-9, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. சூசை நேற்று இரண்டு பங்குக்கும் போன் செய்து நிறுத்தச் சொல்லிவிட்டாராம். ஃபாதர் வேறு மூன்று ஜோடிகளை வாசித்துவிட்டு அறிவிப்புக்குப் போய்விட்டார். அத்தை காத்திருந்தார், அந்தப் பெயர் கடைசியிலாவது வரும் என்று.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது. முழுவதும் எழுத முடியாது. சிலது:

"புத்தரப் படிச்சு எம்புள்ள வாழ்க்கைல மண்ண போட்டுட்டா."

"ரெண்டு தடவ. ரெண்டு தடவயும் இவ வாய்தான்."

"உன் சுத்தத்துக்கு அவன் பலியா?"

கடைசிக் கேள்வியை நானும் கேட்டுக்கொண்டேன். முழுக்க ரெஜினாவுக்காகப் போனேனா, ரசம் சாதம் இறங்கவில்லை என்பதற்காகப் போனேனா? இரண்டும்தான். எது எவ்வளவு என்று தெரியாது.

அவர், என் வீட்டுக்காரர், ஒரு காரியம் செய்தார். "ஸ்டெல்லா சொன்னது சரிம்மா. நாமதான் சொல்லிருக்கணும்," என்றார். பதினாறு வருடத்தில் முதல் தடவை. சொல்லிவிட்டு உடனே தண்ணீர் மோட்டார் போடப் போய்விட்டார், கரண்ட் இல்லை என்பதுகூடத் தெரியாமல்.

டோனி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே.

9-9, ஞாயிறு

அத்தை என்னோடு பேசுவதில்லை. சுவரிடம் பேசுகிறார். "உப்பு தீந்துடுச்சு," சுவருக்கு. நான் வாங்கி வருகிறேன்.

மண்டபத்துக்குக் கொடுத்த தேதியை ரத்து செய்தது, சமையல்காரருக்குச் சொன்னது, பூக்காரருக்குச் சொன்னது, எல்லாம் நான். எல்லோரும் ஏன் என்று கேட்டார்கள். "எங்க பக்கம் ஒரு விஷயத்த மறைச்சிட்டோம், அதனால," என்றேன். இதற்குப் பிறகு யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. பொய்யைவிட நேரம் மிச்சம்.

15-9, சனி

காலையில் டோனி குளித்து, அயர்ன் செய்த சட்டை போட்டு, ஹாலுக்கு வந்தான். எதிர்வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். டோனி மாத்திரை அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, அவர் எதிரிலேயே தண்ணீர் குடித்து விழுங்கினான். அட்டையை டிவி மேல் வைத்தான். அத்தை எடுக்கப் போனார். "இருக்கட்டும்மா. அங்கயே இருக்கட்டும்," என்றான். சத்தமில்லாமல்தான்.

பிறகு சிதம்பரம் பஸ் ஏறிப் போனான். எதற்கென்று சொல்லவில்லை. சாயங்காலம் வந்தான். கையில் என் குடை. நாலு தோசை சாப்பிட்டான். கேட்கவே கூடாது என்று இருந்தேன், கேட்டுவிட்டேன்.

"என்ன சொன்னா?"

"திட்டுனா அண்ணி. ரெண்டு மணி நேரம்." இன்னும் சட்னி போட்டுக்கொண்டான். "அப்பறம் டாக்டர் பேர் கேட்டா. அவளும் ஒரு தடவ வந்து கேக்கணுமாம்."

22-9, சனி

மூன்றாம் இயலைக் கொடுத்துவிட்டேன். நாற்பத்தோரு பக்கம். பட்டியல் ஒரே பக்கம்தான். மீதி முழுக்க உறுத்தல், மௌனம், நேரம். மாலதி மேடம் படித்தார், பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, பயன்படுத்தாமல். பதினெட்டாம் பக்கத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இது யாரு மேடம்?"

"யாரும் இல்ல மேடம். பொதுவா."

சொன்னதும் சுருக்கென்றது. "நான்தான் மேடம்," என்றேன்.

தலையாட்டினார். திரும்பக் கடைசிப் பக்கம் வரை போனார். "அடிக்குறிப்பு பத்தாது. இன்னும் ஒரு முப்பதாச்சும் வேணும்."

இந்தப் பெண்ணை என்ன செய்வது.

டாக்டரிடம் புதனன்று மூன்று பேரும் போயிருக்கிறார்கள், டோனி, ரெஜினா, சூசை. டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினாராம். சூசை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாராம், டிக்கெட் எழுதுகிற மாதிரிச் சின்ன எழுத்தில். இதெல்லாம் அத்தை சுவரிடம் சொல்லி எனக்குத் தெரிந்தது.

29-9, சனி

மழை பிடித்துக்கொண்டது. மாடியில் காயப்போட்ட மிளகாய் நனைந்துவிட்டது. அத்தை நேரடியாக என்னைத் திட்டினார். பெயர் சொல்லி. நான்கு வாரத்தில் முதல் தடவை.

மூன்று மணிக்கு ரெஜினா போன். அன்றைக்குப் பிறகு அவள் குரலைக் கேட்கவில்லை. நலமா என்று கேட்கவில்லை, நேராக விஷயம். அக்டோபர் 17, புதன். மூன்றாம் ஓலையை நாளைக்கு வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாம்பழக் கலர் பட்டுதான் கட்டப் போகிறாள்.

"ரொம்ப சந்தோஷம்மா."



"மிஸ், கோயில் ரெஜிஸ்டர்ல எங்க பக்கம் சாட்சி கையெழுத்துக்கு உங்களத்தான் போடணும்னு அப்பா முதல்லருந்து சொல்லிக்கினு இருந்தாரு. எனக்கும் அதான் ஆசையா இருந்துச்சு."

"ம்."

"இப்ப வேற ஆள் பாத்துட்டேன் மிஸ். எங்க எச்.எம். போடறாங்க. நீங்க கல்யாணத்துக்கு வாங்க. முன்னாடியே வந்துடுங்க, எனக்குத் தலை பின்ன ஆள் இல்ல. கையெழுத்து மட்டும் வேணாம்."

சரிம்மா என்றேன். எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்டேன். ஐந்தரைக்காம்.